திரும்பி வந்தவன் ஒருவனே

தியானப் பகுதி: லூக்கா 17:11-19
ஒப்பிட்டு வாசிக்க: ஆதியாகமம் 24:59, 35:8, ரோமர் 16:1-4

 

இந்த மாதப் பாடத்தை எழுதித்தரும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வேதபாடசாலையில் படித்தவனல்ல, தையல் கடை வைத்திருக்கிற சாதாரண விசுவாசி. "நீங்க படிச்சதை எழுத வேண்டாம், பட்டதை எழுதுங்க" என்றார். ஆகவே என் வீட்டில் நடந்ததை வைத்தே எழுதுகிறேன். இதில் என் பெருமைக்கு இடமில்லை. நான் சபை நடுவே ஒரு பெரிய தவறு செய்தேன். கர்த்தர் அதை என் மனைவியின் வாயைக் கொண்டு எனக்கு உணர்த்தினார். அந்தப் பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. வந்த வியாதி

2016-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசி. என் மனைவிக்கு ஒரு வாரத்துக்கு முன்னே வயிற்றுப்போக்கு வந்து, அது சரியாகிவிட்டது. பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தவள், "என்னங்க, ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்கு" என்றாள். தரையில் உட்கார்ந்து துணி துவைத்ததினால் இருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் தம்ளரைப் பிடிக்கக் கையில் பலமில்லை. நான்காம் நாள் தண்ணீர் விழுங்கும்போது புரையேறியது, மூச்சு மேல்மூச்சு வாங்கியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பரிசோதித்த டாக்டர், "இது கில்லன்-பாரே சின்ட்ரோம்" என்றார். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். கில்லன், பாரே என்ற பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 1916-ல் விவரித்த வியாதியாம். கிருமியை எதிர்த்துப் போராட நம் சரீரத்துக்குள் தேவன் வைத்திருக்கிற சக்தியே, சில வேளைகளில் தடம் மாறி, சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகிறது. மின்சார ஒயரின் மேலுறை உரிந்துபோனால் எப்படியோ அப்படி நரம்பின் மேலுறை கெட்டுப்போகிறது. மூளை கட்டளையிடும், கைகால் கேளாது. பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுக்கான தசைகள் வரை ஏறிவிட்டால் மெஷின்தான் மூச்சு விட வேண்டும். "பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள். ஆனால் அதுவரைக்கும் உயிரைக் காப்பாற்றிக் கொண்டுபோக வேண்டும்" என்றார் டாக்டர்.

அன்று இரவே வென்டிலேட்டர் போட்டார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மொத்தம் 26 நாள் மெஷினில் இருந்தாள்.

இந்த வியாதியில் கொடுமையான ஒரு காரியம் என்னவென்றால், அறிவு மங்குவதில்லை. படுத்திருக்கிறவளுக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. வாய் திறந்து பேச முடியாது. விரலை அசைக்க முடியாது. முகத்தில் உட்காருகிற ஈயை விரட்ட முடியாது. உயிரோடு இருக்கிறவளைக் கல்லறைக்குள் வைத்ததைப்போல ஒரு நிலைமை. என் மனைவிக்குக் கண்ணிமை மட்டும் கொஞ்சம் அசையும். அதுவும் முழுவதும் மூடாது.

2. ராத்திரி வந்த சகோதரி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம்தான் என்னை விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே வராந்தாவில் பாய் விரித்துக் கிடப்பேன். உள்ளே நடந்தவற்றைப் பின்னால் பேச்சு வந்த பிறகு என் மனைவியே சொன்னாள்.

ராத்திரி டியூட்டிக்கு ஒரு இளம் நர்ஸ் வருவாள். நெற்றியில் குங்குமம் வைத்த பிள்ளை. நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவள் அல்ல. உள்ளே வந்தவுடனே கட்டில் பக்கத்தில் குனிந்து, தன் பெயரைச் சொல்லி, "அக்கா, நான்தான் வந்திருக்கேன். காலைல வரைக்கும் உங்க பக்கத்துலதான் இருப்பேன்" என்பாளாம். ஒரு நாளும் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. தொடுகிறதற்கு முன்னே, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். "இப்ப சளி எடுக்கப் போறேன் அக்கா, கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிருவேன்" என்று சொல்லி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே எடுப்பாளாம்.

பிரியமானவர்களே, அசைய முடியாத ஒரு சரீரத்தைப் பராமரிப்பது எவ்வளவு வேலை என்று நமக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துவிடும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். வாயைத் துடைத்துச் சுத்தம்பண்ண வேண்டும். மூடாத கண்கள் காய்ந்து போகாதபடி மருந்து போட்டுப் பஞ்சு வைக்க வேண்டும். மூட்டுகள் இறுகிப்போகாதபடி கைகால்களை மடக்கி நீட்ட வேண்டும். மலஜலம் எடுக்க வேண்டும். இந்த வியாதியில் நரம்பு வலியும் கடுமையாக இருக்கும், போர்வை உரசினாலே வலிக்கும். இதையறிந்த அந்தப் பிள்ளை, காலுக்கு மேலே போர்வை படாதபடி அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, கூடாரம்போல வைத்தாளாம். இது எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக்கொடுத்ததல்ல.

ஒரு ராத்திரி என் மனைவியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பார்த்தவள் வேலையை நிறுத்தி, "அக்கா, ஆமான்னா ஒரு தரம் இமையைத் தாழ்த்துங்க, இல்லைன்னா ரெண்டு தரம்" என்று சொல்லி ஒவ்வொன்றாய்க் கேட்டாளாம். வலிக்குதா? இல்லை. குளிருதா? இல்லை. வீட்டு ஞாபகமா? இல்லை. கடைசியில் மேஜைமேல் நான் வைத்துவிட்டுப் போயிருந்த, சங்கீதமும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்து, "இதைப் படிக்கணுமா?" என்றாள். இமை ஒரு தரம் தாழ்ந்தது.

நாடா வைத்திருந்த பக்கம் 121-ஆம் சங்கீதம். அந்தப் பிள்ளை நம்முடைய வேதாகமத் தமிழைத் தட்டுத்தடுமாறி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். அன்று முதல் ஒவ்வொரு ராத்திரியும், வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரு சங்கீதம். தம்முடைய ஜனத்தைக் காக்கிறவர் கண்மூடாமல் விழித்திருக்கிறார் என்பதே அந்தச் சங்கீதத்தின் செய்தி. அதை வாசித்தவளும் மற்றவர்களுக்காக ராத்திரி முழுவதும் விழித்திருந்தவள்!

3. நானூறு ரூபாய்

நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். என் கையில் இருந்ததெல்லாம் சபையார் சேர்த்துக்கொடுத்த 500 ரூபாய்த் தாள்கள். மறுநாள் டீக்கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வங்கி அன்றைக்கு மூடிக்கிடந்தது. அடுத்த நாள் திறந்தபோதோ வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வரிசையில் நின்றால் மாலையில் மனைவியைப் பார்க்கிற பத்து நிமிஷம் போய்விடும். எனவே பட்டினி கிடந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் டியூட்டி முடிந்து வெளியே வந்த அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "அண்ணே, சாப்பிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க. நீங்க விழுந்துட்டா அக்காவை யாரு பாக்கிறது?" என்று கேட்டு, பர்ஸிலிருந்து நான்கு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவள் நிரந்தர வேலையில் இருந்தவள் அல்ல, தொகுப்பூதியத்தில் இருந்தவள் என்று பின்னால்தான் தெரிந்தது. 2015-ல் நம் மாநிலத்தில் தேர்வு எழுதி அப்படிச் சேர்ந்த நர்சுகளுக்கு ஆரம்பத்தில் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அதிலிருந்துதான் எனக்கு அந்த நானூறு வந்தது. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததைப் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன் (லூக்கா 10:35). அந்தப் பணத்தை வாங்குகிற இடத்தில் நானே நிற்பேன் என்று நினைத்ததில்லை.

4. நான் சொன்ன சாட்சி

கர்த்தர் கிருபையாய் இரங்கினார். டிசம்பர் மாதம், கிறிஸ்மஸுக்கு முன்னே என் மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிப்ரவரியில் வாக்கரைப் பிடித்து நடந்தாள். அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன்.

இருபத்தைந்து நிமிஷம் சொன்னேன். கர்த்தருக்கு மகிமை செலுத்தினேன். உபவாச ஜெபம் செய்த பாஸ்டர் ஐயாவுக்கு நன்றி, சங்கிலி ஜெபம் செய்த சகோதரிகளுக்கு நன்றி, காணிக்கை அனுப்பியவர்களுக்கு நன்றி, எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப்போட்ட பக்கத்து வீட்டு விசுவாசிக்கு நன்றி. "டாக்டர்கள் கைவிரித்தார்கள், கர்த்தர் கைவிடவில்லை!" என்று சத்தமாய்ச் சொன்னேன். சபை அல்லேலூயா என்றது.

அது பொய், சகோதரரே. எந்த டாக்டரும் கைவிரிக்கவில்லை. பிழைக்க வாய்ப்பு உண்டு என்றுதான் முதல் நாளே சொன்னார்கள். சாட்சி பலமாய் இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்ட வார்த்தை அது. கர்த்தருடைய மகிமைக்கு நம்முடைய பொய் தேவையா?

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கின பிறகு சொன்னாள்: "எல்லாரையும் சொன்னீங்க. அந்தப் பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேங்க."

நான் உடனே, "மகிமை கர்த்தருக்குத்தானே, மனுஷருக்கு ஏன்?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ராத்திரி ரெண்டு மணிக்குக் கர்த்தர் யார் கையை வச்சு என்னைப் புரட்டிப் போட்டாருன்னு நெனைக்கீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வேதத்தைத் திறந்து லூக்கா 17-ஐ வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகள் கெஞ்சினார்கள், பத்துப்பேரும் சுகமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்த ஒன்பதுபேரும் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆசாரியனிடம் போகச் சொன்னார், போனார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஒருவேளை தங்கள் ஊரில் நல்ல சாட்சியும் சொல்லியிருப்பார்கள். ஆனால் திரும்பி வரவில்லை. அதுவே குறை. நானும் அந்த ஒன்பதில் ஒருவன் என்று உணர்ந்தேன்.

5. வேதம் போதிக்கிறது என்ன?

மனுஷருக்கு நன்றி சொன்னால் தேவனுடைய மகிமை குறைந்துபோகுமோ என்று நம்மில் சிலருக்கு ஒரு பயம் உண்டு. வேதத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

அ) பவுல் மனுஷருக்கு நன்றி சொன்னார். ரோமர் 16-ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். பெபேயாள் தனக்கும் அநேகருக்கும் உதவினவள் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்பவர்களைக்குறித்து, தான் மாத்திரமல்ல, புறஜாதியாரின் சபைகளெல்லாம் அவர்களுக்கு நன்றி செலுத்துவதாக 4-ஆம் வசனத்தில் சொல்லுகிறார். கிருபையைப் பற்றிப் பதினைந்து அதிகாரம் எழுதினவர், பதினாறாவதில் மனுஷருக்கு நன்றி சொல்ல மறக்கவில்லை.

ஆ) தாவீது கணக்கு வைத்திருந்தான். அப்சலோமுக்குப் பயந்து ஓடின நாளில் ஆகாரம் கொடுத்த கிழவனாகிய பர்சிலாவைத் தாவீது மறக்கவில்லை. தன் மரணப்படுக்கையிலும், அவனுடைய குமாரருக்குத் தயவு செய்யும்படி சாலொமோனுக்குக் கட்டளை கொடுத்தான் (1 இராஜாக்கள் 2:7). அப்பம் கொடுத்தவனை ஒரு ராஜா சாகும்வரை நினைத்திருந்தான்.

இ) மறந்தவன் ஒருவனும் உண்டு. பானபாத்திரக்காரரின் தலைவன் சிறையிலிருந்து வெளியே வந்தவுடனே யோசேப்பை மறந்தான் (ஆதியாகமம் 40:23). அதனால் யோசேப்பு இன்னும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான். நாம் மறப்பதினால் நமக்கு ஒன்றும் நேராது. நமக்கு நன்மை செய்தவர்தான் இருளில் கிடப்பார்.

ஈ) ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. எசேக்கியா அழுது ஜெபித்தான், கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். ஆனாலும் அத்திப்பழத்தால் அடை செய்து பிளவையின்மேல் பற்றுப் போடும்படி ஏசாயா சொன்னார், போட்டார்கள் (2 இராஜாக்கள் 20:7). ஜெபித்தவர் பெயர் எழுதியிருக்கிறது, தீர்க்கதரிசியின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தச் சீழ்ப்புண்ணைத் தொட்டுப் பற்றுப் போட்ட கையின் பெயர் எழுதியில்லை. நம்முடைய சாட்சிகளிலும் அப்படித்தான் அந்தக் கை விட்டுப்போகிறது.

உ) ஒரு தாதியின் பெயர். ரெபெக்காள் தகப்பன் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவளோடு ஒரு தாதியும் போனாள் (ஆதியாகமம் 24:59). அங்கே அவளுக்குப் பெயர் இல்லை, 'தாதி' அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து 35-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் அந்தத் தாதி மரித்துப்போகிறாள். அங்கேதான் அவள் பெயர் தெபொராள் என்று அறிகிறோம். பெத்தேலுக்கு அருகே ஒரு கர்வாலி மரத்தின்கீழ் அவளை அடக்கம்பண்ணினார்கள். அந்த இடத்துக்கு அல்லோன்பாகூத் என்று பெயர் வந்தது. அதற்கு அழுகையின் கர்வாலி மரம் என்று அர்த்தம். ரெபெக்காள் எப்போது மரித்தாள் என்று வேதம் சொல்லவில்லை. அவளுடைய தாதி மரித்ததையும், அவளுக்காக அழுததையும் பரிசுத்த ஆவியானவர் எழுதிவைத்தார்! தேவன் தாதிமாரின் பெயரை அறிந்திருக்கிறார். அறியாதவன் நான்தான்.

6. பெயர் தெரியவில்லை

ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மனைவி ஒரு கைத்தடியோடு நடந்தே வந்தாள். வார்டு வாசலில் நின்ற நர்சிடம், "ஒரு சிஸ்டரைப் பாக்கணும்" என்றேன். "எந்த சிஸ்டர்? பேரு?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "ராத்திரி டியூட்டி பார்ப்பாங்க, சின்னப் பிள்ளை, சிவப்பா இருக்கும்" என்று உளறினேன். இத்தனை நாள் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்டு, அவள் பணத்தில் சாப்பிட்டும் இருக்கிறேன். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

என் மனைவி பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொன்னாள். ராத்திரிதோறும் காதண்டை கேட்ட பெயரல்லவா!

அந்தப் பிள்ளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊருக்கு மாறுதலாகிப் போயிருந்தாள். பஸ் பிடித்துப் போனோம். ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. நின்றபடி இருக்கும் என் மனைவியை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லையே. என் மனைவி ஒன்றும் பேசாமல் இமையை ஒரு தரம் தாழ்த்தினாள். அவ்வளவுதான். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டுபேரும் அழுதார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தையை நீங்கள் கேட்க வேண்டும். "எங்ககிட்ட இருந்து வார்டுக்குப் போனவங்க என்ன ஆனாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது அக்கா. செத்தவங்களை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பொழச்சவங்க யாரும் திரும்பி வந்து காட்டுறதில்லை."

தேவ பிள்ளைகளே, இந்த வார்த்தையை யோசித்துப் பாருங்கள். ராத்திரி ராத்திரியாய் விழித்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு, தாங்கள் காப்பாற்றியது தெரியாமலே போகிறது. நம்முடைய ஒரு மணி நேரப் பிரயாணம் அவர்களுக்குப் பல வருஷத்துக்கான பெலன்.

ஒரு கவரில் இரண்டாயிரம் ரூபாயும், தனியாக நான்கு நூறு ரூபாயும் வைத்திருந்தேன். நானூறை வாங்கிக்கொண்டு கவரைத் திருப்பித் தந்துவிட்டாள். "கடனை வாங்கிக்கிறேன் அண்ணே. கூலி வேண்டாம், அக்கா நடந்து வந்ததே போதும்" என்றாள். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரியின் டீனுக்கும் நர்சிங் கண்காணிப்பாளருக்கும் அவள் பெயரைப் போட்டு, நடந்தவற்றைத் தேதியோடு கடிதமாய் எழுதிக்கொடுத்தோம். குறை சொல்லி எழுதுகிற கடிதம்தான் அங்கே அதிகம் வருமாம். அதை வாங்கின அம்மா இரண்டு தரம் வாசித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடியும் எழுந்து, முதல் சாட்சியில் நான் சேர்த்த பொய்யை அறிக்கையிட்டு, விட்டதைச் சொன்னேன். ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரன், "அந்த நர்ஸ் இரட்சிக்கப்பட்டாங்களா?" என்று கேட்டார். அவளுக்காக அனுதினமும் ஜெபிக்கிறோம் என்றேன். ஆனால் நன்றி சொல்ல அது ஒரு நிபந்தனை அல்லவே! குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கினவன் சமாரியன். நன்றி சொல்லத் திரும்பி வந்தவனும் சமாரியன். எங்கள் காரியத்தில் காயம் கட்டினவள் வெளியே இருந்து வந்தாள். திரும்பிப் போகத் தாமதித்தவன் சபைக்குள் இருந்த நான்.

7. சகோதரி என்ற பெயர்

சபையில் நாம் ஒருவரையொருவர் சிஸ்டர் என்கிறோம். ஆஸ்பத்திரியில் நர்சையும் சிஸ்டர் என்கிறோம். இது தற்செயலல்ல. பழைய நாட்களில் ஐரோப்பாவில் வியாதியஸ்தரைப் பராமரித்தவர்களில் பலர் கன்னியாஸ்திரீகள். சகோதரி என்ற அந்த அழைப்பே, பிறகு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் வார்டுப் பொறுப்பாளரின் பட்டமாகி நம் நாட்டுக்கும் வந்தது. 1836-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் தியோடர் ஃப்ளீட்னர் என்ற போதகர், ஏழை நோயாளிகளைப் பராமரிக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1851-ல் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர்தான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854-ல் போர்க்களத்தில் காயப்பட்டவர்களைப் பராமரிக்க அவர் துருக்கிக்குப் போனார். அவர் பிறந்த மே 12-ஆம் தேதியே உலக நர்சுகள் தினம். நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு முன்னே, 1909-லேயே நர்சுகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது.

2018-ஆம் வருஷம் மே மாதம் கேரளாவில் நிபா வைரஸ் பரவினபோது, பேராம்ப்ராவில் நோயாளியைப் பராமரித்த லினி என்ற நர்சுக்கு அதே வியாதி தொற்றியது. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். இனி பார்க்க முடியாது என்று அறிந்து, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும்படி கணவனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிவிட்டு மரித்தார். 2020-ல் கொரோனா வந்த நாட்களிலோ, நம்மில் அநேகர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இவர்கள் உள்ளே போனார்கள். நம்முடைய தகப்பன்மார், தாய்மார் சிலரின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் நின்றது நாம் அல்ல, அவர்கள்.

நாம் செய்யவேண்டியது

1. நம்மை அல்லது நம் வீட்டாரைப் பராமரித்த நர்ஸ் ஒருவரின் பெயரை நினைவுகூருங்கள். தெரியாவிட்டால் விசாரித்து அறியுங்கள்.

2. முடிந்தால் சுகமான ஆளையே அழைத்துக்கொண்டு திரும்பிப் போய் நன்றி சொல்லுங்கள். முடியாவிட்டால், பெயரையும் தேதியையும் செய்த உதவியையும் எழுதி, ஆஸ்பத்திரி மேலதிகாரிக்குக் கடிதம் அனுப்புங்கள்.

3. ஆஸ்பத்திரியில் ஜெபிக்கப் போகும்போது, பார்வையாளர் நேரத்தை மதியுங்கள். சத்தத்தைக் குறையுங்கள். கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். அவர்களுடைய வேலையைக் கூட்டாமல் இருப்பதும் நன்றியறிதலே.

4. சாட்சி சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கர்த்தர் உபயோகித்த கைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

அ) ஒன்பதுபேரும் கீழ்ப்படிந்தார்கள். அப்படியிருந்தும் ஆண்டவர் அவர்களைத் தேடினது ஏன்?

ஆ) ரோமர் 16-ல் பவுல் பெயர் சொன்னதுபோல, உங்கள் ஜீவியத்தில் பெயர் சொல்லப்படாமல் விடுபட்டவர் யார்?

இ) நம் சபையிலேயே நர்ஸ் வேலை பார்க்கிற சகோதரிகள் உண்டு. ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கக் கண்ணோடு ஆராதனைக்கு வருகிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, நீர் தந்த சுகத்துக்காக ஸ்தோத்திரம். நீர் உபயோகித்த கைகளை நாங்கள் மறந்ததை மன்னியும். இந்த ராத்திரியிலும் எத்தனையோ கட்டில்களின் அருகே விழித்திருக்கிற உம்முடைய தாதிமாரைப் பெலப்படுத்தும். திரும்பிப் போய் நன்றி சொல்லுகிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

— சபை விசுவாசி ஒருவர்